நவம்பர் இரண்டுக்கு வைத்திருந்த பூ

நவம்பர் இரண்டாந் திகதி மொன்றியலில் பூ இருக்காது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, பட்டுத்தான் அறிந்தேன். இலையே இருக்காது, பிறகு பூவுக்கு எங்கே போவது? மரமெல்லாம் மொட்டை, நிலம் கல்லு, வானம் கழுவாத சட்டியின் நிறம். அந்த நாளைப் பார்த்துத்தான் எங்கள் திருச்சபை மரித்தவர்களை நினைக்கிற ஆத்துமாக்கள் திருநாளை வைத்திருக்கிறது. வைத்தவர்கள் இந்த ஊர்க் குளிரை ஒருக்காலும் யோசிக்கவில்லை என்று நான் பல தடவை சண்டை பிடித்திருக்கிறேன். சுவாமியாரோடு அல்ல, என் கணவரோடு. அவர்தான் பக்கத்தில் இருந்தார்.

எங்கள் மன்னார்க் கரையோரத்தில் அன்றைக்குச் செத்தவர்களைப் புதைத்த சேமக்காலைக்குப் போகிறவர்கள் தங்கள் வீட்டு வளவில் பூத்த பூவைத்தான் கொண்டுபோவார்கள். செவ்வரத்தையோ, நித்தியகல்யாணியோ, ஏதோ ஒன்று. கடையில் வாங்கின பூவைக் கல்லறையில் வைத்தால், "அந்த வீட்டில ஒரு பூவுக்கும் வழியில்லையோ?" என்று சனம் கதைக்கும். செத்தவர்கள் தங்கள் வீட்டாரை வீட்டுப் பூவை வைத்துத்தான் அடையாளம் காண்பார்கள் என்று ஒரு நம்பிக்கை. நம்பிக்கை என்று இப்போது எழுதுகிறேன். அப்போது எனக்கு அது சோறு தண்ணி மாதிரி, கேள்வி கேட்காமல் செய்கிற காரியம்.

இந்த ஊரில் எங்களுக்கும் ஒரு கல்லறை இருந்தது.

இரண்டாயிரமாம் ஆண்டுகள் தொடங்கின புதிதில், ஒரு தை மாதத்தில் எங்கள் மகள் பிறந்தாள். அந்தத் தை முடிவதற்குள் போய்விட்டாள். இருதயத்தில் ஓட்டை என்றார்கள். ஓட்டை என்ற சொல்லை நான் அதுவரை சட்டி பானைக்குத்தான் கேட்டிருந்தேன். ஆஸ்பத்திரியை விட்டு அவள் வெளியே வரவேயில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டால் என் சின்ன விரலைப் பிடிப்பாள். நல்ல பலமான பிடி. இப்படிப் பிடிக்கிறவள் எங்கே போகப் போகிறாள் என்று நம்பி இருந்தேன். ஒரு விடியற்காலை தாதி ஒருத்தி சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து என் கணவர் கையில் கொடுத்தாள். இவர்தான் அவசர ஞானஸ்நானம் கொடுத்து, பேரைச் சொன்னார். பிறகு எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள்.

தை மாதத்தில் இங்கே நிலம் வெட்டுப்படாது. அந்தச் சேமக்காலையில் மாரிகாலத்தில் சவப்பெட்டியை ஒரு கட்டடத்துக்குள் வைத்துவிட்டு, நிலம் இளகின பிறகுதான் புதைப்பார்கள். வைகாசி வரை பொறுத்திருங்கள் என்றார்கள். பொறுத்திருந்தேன் என்று சொல்லமாட்டேன். யன்னலடியில் நின்று ஸ்னோவைத் திட்டிக்கொண்டே இருந்தேன். "கோதாரியில போனது, இன்னும் கரையேல்லை பாருங்கோ" என்று விடிய எழும்பினவுடன் தொடங்குவேன். இவர் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு என் பின்னால் நிற்பார். வைகாசியில் மண் இளகியது. உலகத்தில் பிள்ளையை ஒரு தடவை பறிகொடுத்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் தையிலும் கொடுத்தேன், வைகாசியிலும் கொடுத்தேன்.

சேமக்காலையில் குழந்தைகளுக்கென்று ஒரு மூலை உண்டு. தனித்தனிக் கல் கிடையாது. எல்லாருக்கும் பொதுவாக ஒரு கல், அதில் ஒரு பேரும் இல்லை. வேலியோரத்து மேப்பிள் மரத்தை அடையாளம் வைத்துத்தான் எங்கள் பிள்ளையின் இடத்தைக் கண்டுபிடிப்போம். நாங்களாகச் சொன்னாலொழிய அங்கே அவள் கிடக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. அவள் பிறந்தபோது இந்த ஊரில் எங்களுக்கு ஒரு குஞ்சும் அறிமுகமில்லை. பிறகு கோயிலில் அறிமுகமானவர்களிடம் எந்த வாயால் தொடங்குவது? "பிள்ளையள் இல்லையோ?" என்று கேட்பார்கள். "இல்லை" என்பேன். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். அந்த இடத்தில் மட்டும் அது ஒரு சொல்லோடு மூடிக்கொள்ளும்.

ஆகவே பூ. பேரில்லாத அந்த மண்ணில் எங்கள் வளவுப் பூ ஒரு பிடி கிடந்தால், அவள் எங்கள் வீட்டுப் பிள்ளை என்று எங்கேயோ ஓரிடத்தில் இருக்கும். வருஷத்தில் ஒரே ஒரு நாள், அவ்வளவுதான். நான் கடவுளிடம் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டதைத்தான் அவர் ஏற்கெனவே தரமாட்டேன் என்று விட்டாரே.

முதலாவது நவம்பரில் நாங்கள் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் மூன்றாம் மாடியில் இருந்தோம். மூலையிலிருந்த தெப்பனர் கடையில் ஒரு கட்டுப் பூ வாங்கிக்கொண்டு போனோம். பிளாஸ்டிக் கடதாசி காற்றில் சரசரவென்று சத்தம் போட்டது. விலைத் துண்டைக் கிழிக்கக் கிழிக்க அது பாதி பாதியாக வந்தது, பிசின் என் நகத்துக்குள் போனது. அதை அந்த மண்ணில் வைத்தபோது வெட்கமாக இருந்தது. ஆருடைய வீட்டுக்கோ ஆரோ வளர்த்த பூ.

திரும்பும்போது பஸ்ஸில் இவரிடம் சொன்னேன். "அடுத்த வருஷம் எங்கட வளவில பூத்த பூ இல்லாமல் நான் இஞ்ச வரமாட்டன்."

"மூண்டாம் மாடியில ஏதப்பா வளவு?"

"அது உங்கட பாடு."

இவர் ஒரு பெரிய பேக்கரியில் வேலை செய்தார். அதிகம் கதைக்காத மனிசன். நான் கதைக்கிறதற்கு ஈடாகக் கடவுள் இவரைப் படைத்திருக்க வேண்டும். பங்குனியில் ஒரு நாள் வேலையால் வந்தவர் சப்பாத்தைக் கழற்றாமலே, "வீடு மாறுவம், கீழ்வீடு ஒண்டு இருக்கு, முன்னுக்கு ஒரு துண்டு நிலமும் இருக்கு" என்றார். போய்ப் பார்த்தேன். ஒரு பாயை விரித்தால் மூடிவிடும் நிலம்தான். ஆனால் வெயில் விழுந்தது.

அந்தக் கோடையில் எங்களுக்குத் தெரிந்ததை நட்டோம். செவ்வந்தி, சீனியா, இன்னும் கடையில் நாற்றுத் தட்டுகளில் வைத்து விற்கிற எல்லாம். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். ஊரில் அப்படித்தானே. சும்மா சொல்லக்கூடாது, பூத்துக் குலுங்கின. தெருவால் போகிறவர்கள் நின்று "போன்ஜூர்" சொல்லிவிட்டுப் போவார்கள். நான் ஒவ்வொரு பூவையும் பார்த்து மனதுக்குள், 'இன்னும் கொஞ்சம் இருங்கோ, நவம்பர் வரைக்கும் இருங்கோ' என்பேன். ஒக்டோபர் தொடக்கத்தில் ஒரு நாள் விடிய எழும்பிக் கதவைத் திறந்தேன். முழுதும் அவித்த கீரை மாதிரிக் கறுத்துத் தொங்கிக்கொண்டு நின்றது. ஒரே ஒரு உறைபனி. நான் போட்ட சத்தத்தில் மேல்வீட்டுக்காரர் யன்னலைத் திறந்து பார்த்தார். அந்த நவம்பரில் நான் சேமக்காலைக்குப் போகவில்லை. இவர் தனியாகப் போய்விட்டு வந்தார். என்னத்தைக் கொண்டுபோனார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வசந்தத்தில் இவர் பேக்கரிக் கூட்டாளியின் வான் வண்டியை இரவல் வாங்கி, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பக்கமாக ஒரு நாற்றுப் பண்ணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். இவருக்குத் தெரிந்தது பேக்கரிப் பிரெஞ்சு. மா, சூடு, கெதியா, இண்டைக்கில்லை, இவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு அங்கே நின்ற பெண்ணிடம், "பூ... நவம்பர்?" என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டாள். பிறகு எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தி, உள்ளே போய் ஒரு சாடியைக் கொண்டுவந்து வைத்தாள். பூவும் இல்லை, வடிவும் இல்லை. வெறும் பச்சைத் தண்டு. ஆஸ்டர் என்றாள். பிறகு கையைத் தரையில் வைத்து, கண்ணை மூடித் தலையைச் சாய்த்து நித்திரை மாதிரிக் காட்டினாள். பிறகு கையை மெல்ல மேலே தூக்கினாள்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"மாரிக்குச் செத்த மாதிரிக் கிடக்குமாம். பேந்து அதே வேரிலயிருந்து வருமாம். ஒருக்கா நட்டால் போதுமாம்."

வேறு சிலவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தோம். நடுவில் முள்ளுக் கூம்பு நிற்கிற எக்கினேசியா, கறுப்புக் கண் வைத்த மஞ்சள் ருட்பெக்கியா, ஒரு நாள் விரிந்து அன்றைக்கே சுருங்கிப் போகிற டே லில்லி, சதைப் பிடிப்பான இலையோடு சேடம். எல்லாம் சோம்பேறிப் பூக்கண்டுகள். பசளை கேட்காது, பந்தல் கேட்காது, ஒருநாள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் கோபிக்காது. எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. பழக்கதோஷத்தில் சேடத்துக்கும் காலை மாலை ஊற்றினேன், ஒன்று அடியோடு அழுகிவிட்டது. "அதைச் சும்மா விடுமப்பா, அதுபாட்டில வளரட்டும்" என்றார் இவர். சும்மா விட்டால் வளருகிற பிள்ளைகளும் உலகத்தில் இருக்கின்றன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆஸ்டர் அந்த வருஷம் செப்டெம்பரிலேயே பூத்தது. நல்ல கத்தரிப்பூ நிறம், நடுவில் மஞ்சள் பொட்டு. தேனீக்கள் விழுந்து விழுந்து வந்தன. எல்லாம் ஒக்டோபர் பாதிக்குள் முடிந்து, பழுப்பாய்ப் பஞ்சாய்ப் போயிற்று. மூன்றாம் நவம்பருக்கும் பூ இல்லை. அந்தத் தடவை போனேன், வெறுங்கையோடு நின்றேன், திரும்பி வந்தேன்.

ஏப்ரலில் ஸ்னோ ஒதுங்கின இடத்தில் சேடம்தான் முதலில் தலை காட்டியது. சின்ன முட்டைக்கோவாவைப் போலக் குருத்துகள், கொத்துக் கொத்தாய். பிறகு டே லில்லி. பிறகு மற்றவை. இவர் குனிந்து குனிந்து பார்த்து, "வந்திட்டுது, இதுவும் வந்திட்டுது" என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. பனிக்குக் கீழே அதே மாதங்கள் தானே இதுகளும் கிடந்தன? புல்லுக்கும் பூண்டுக்கும் கொடுத்த வரத்தை என் பிள்ளைக்குக் கொடுக்க உமக்கு ஏன் மனம் வரவில்லை என்று கோயிலில் முழந்தாளில் நின்றே கேட்டேன். ஆஸ்டர் எல்லாவற்றுக்கும் பிந்தி, வைகாசியில்தான் வந்தது.

ஆடி தொடங்கும்போது ஒரு நாள் வெளியே வந்து பார்க்கிறேன், இவர் கத்தரிக்கோலோடு நிற்கிறார். இடுப்பளவு வளர்ந்த ஆஸ்டரின் நுனியெல்லாம் நிலத்தில் கிடக்கிறது.

"விசரே உங்களுக்கு? மொட்டை அடிச்சுப் போட்டியளே!"

"அந்தப் பண்ணைப் பிள்ளைதான் சொன்னவ. இப்ப நுனியை வெட்டினால் பூக்கிறது பிந்துமாம். பக்கக் கிளையும் கனக்க வருமாம்."

"எப்ப அங்க போனீங்கள்?"

"வேலை முடிஞ்சு, பஸ்ஸில."

எவ்வளவு தூரம் அது! ஒரு கேள்வி கேட்பதற்கு இரவு வேலை முடித்த மனிசன் மொன்றியல் தீவின் மேற்கு முனை வரை போய் வந்திருக்கிறார். நான் வாயை மூடிக்கொண்டு வெட்டின நுனிகளைப் பொறுக்கினேன்.

பண்ணைப் பிள்ளை சொன்னது பொய்யில்லை. அந்த வருஷம் ஒக்டோபர் தொடங்கின பிறகுதான் மொட்டே வைத்தது. மொட்டென்றால் எண்ண முடியாத மொட்டு. இரவில் குளிர் இறங்கினால் கட்டில் விரிப்புகளைக் கொண்டுபோய் மூடுவோம், விடிய எடுத்துக் காயப் போடுவோம். விரிப்புகள் போதாமல் போன ஒரு நாள் அலுமாரியின் அடியிலிருந்து ஒரு சின்னப் போர்வையை எடுத்தேன். மஞ்சள் கம்பளி, ஓரத்தில் நூல் வேலை. வயிற்றோடு இருந்த காலத்தில் நானே ஆசையாக வாங்கினது. அவளை வீட்டுக்குக் கொண்டுவரும்போது சுற்றிக்கொண்டு வர வைத்திருந்தேன். அது ஒருநாளும் ஒருவரையும் போர்த்தவில்லை. அதை ஆஸ்டருக்குப் போர்த்தேன். இவர் பார்த்தார், ஓரத்துக்குக் கல் வைத்தார். அன்று முதல் ஒவ்வொரு பொழுது படவும் போர்த்துவது என் வேலையாயிற்று. ஒரு பிள்ளையைப் போர்த்துவதில் எவ்வளவு சுகம் இருந்திருக்கும் என்று அந்தச் செடியில்தான் நான் தெரிந்துகொண்டேன். அழுகை வரும், அழுதுகொண்டே போர்ப்பேன்.

ஒக்டோபர் எங்களுக்குச் செபமாலை மாதம். மாதாவின் சுரூபம் தினம் ஒரு தமிழ் வீட்டுக்குப் போகும். பின்னேரம் எல்லாரும் கூடிச் செபமாலை சொல்லி, தேத்தண்ணி குடித்துக் கலைவார்கள். மாதா அன்றிரவு அந்த வீட்டிலேயே தங்குவார், மறுநாள் பின்னேரம் அடுத்த வீடு. எங்கள் வீடு கடைசியாக விழுந்தது, மாதத்தின் கடைசி நாட்களில். செபமாலைக் குழுவை நடத்துகிற அக்கா முதல் நாள் தொலைபேசி எடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரி, வயதில் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், சோர்வு அறியாத மனிசி.

"தங்கச்சி, மாதாவுக்குப் பூ வாங்கிக்கொண்டு வரவோ?"

"என்னக்கா கதை இது? எங்கட வளவில பூ இருக்கு. ஒண்டும் வாங்கவேண்டாம்" என்றேன்.

பெருமையாகத்தான் சொன்னேன். ஏன் சொல்லக்கூடாது? நான் சொன்னது சேடம் பூவையும் மிச்சமிருந்த மஞ்சள் பூக்களையும். அவற்றை வெட்டிச் சாடியில் வைத்து மேசையிலும் வைத்திருந்தேன். ஆனால் எங்கள் சனத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. மாதா எந்த வீட்டுக்கு வருகிறாரோ அந்த வீட்டு வளவுப் பூவை, வந்தவர்களே பறித்து, மாலை கட்டிப் போடவேண்டும். ஊரில் நானும் எத்தனை வீட்டு வேலியில் ஏறிப் பறித்திருக்கிறேன். அந்த நினைப்பு எனக்கு வரவேயில்லை.

அந்தக் கிழமை இவருக்குப் பின்னேர வேலை. நான் குசினியில் கடலை தாளித்துக்கொண்டு நின்றேன். முன்னுக்குச் சிரிப்பும் கதையும் கேட்டது. "என்ன வடிவான பூ, இந்தக் குளிருக்கையும் பாருங்கோவன்!" என்று ஒரு குரல். தாளிதம் கரியப் பார்த்தது, அடுப்பைக் குறைத்தேன். பாட்டு தொடங்கியது. தேத்தண்ணித் தட்டோடு வெளியே வந்தேன்.

மாதாவின் கழுத்தில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு மாலை. காலடியில் ஒரு குவியல். மேசை விரிப்பு முழுதும் அந்த நிறம். யன்னலால் பார்த்தேன். வளவில் தண்டுகள் மட்டும் நின்றன. அக்கா என் காதோடு மெல்லச் சொன்னார். "ஆரின்ரையோ சின்னப் பிள்ளையின்ர போர்வை ஒண்டு படியில காய்ஞ்சுகொண்டு கிடந்தது தங்கச்சி, மடிச்சுக் கதிரையில வைச்சிருக்கிறன்."

அப்போதும் நான் கத்தவில்லை. தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாதா கழுத்தில் கிடப்பதை என்ன செய்வது? செபமாலை தொடங்குவதற்கு முதல் அந்த வீட்டுக்காக ஒரு வேண்டுதல் சொல்வார்கள். கூட்டத்தில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு மனமுருகிச் சொன்னாள். "தாயே, பிள்ளைப் பாக்கியம் இல்லாத இந்த வீட்டில ஒரு தொட்டில் ஆட..."

"எங்களுக்குப் பிள்ளை இருக்கு!"

அந்தச் சத்தம் எனக்குள்ளிருந்து வந்தது என்று விளங்க எனக்கே கொஞ்ச நேரம் பிடித்தது. தட்டு கையிலிருந்து நழுவிவிட்டது. "எங்களுக்குப் பிள்ளை இருக்கு. சேமக்காலையில கிடக்கிறாள். உது அவளுக்கு வைச்சிருந்த பூ. நீங்கள் பறிச்சது அவளின்ர பூ!"

தேத்தண்ணி கம்பளத்தில் ஓடியது. என்ன செய்வதென்று தெரியாமல் ஒருத்தி "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்க, மற்றவர்களும் மெல்லச் சேர்ந்தார்கள். நான் குசினிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர்கள் முடித்து, கம்பளத்தைத் துடைத்து, கோப்பைகளைப் பொறுக்கி வைத்து, சத்தமில்லாமல் போனார்கள். ஒருவரும் கடலை சாப்பிடவில்லை.

இரவு இருட்டில் வந்து படுத்த இவர் காலையில் எழும்பி வளவைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து மாதாவைப் பார்த்தார். கதிரையில் உட்கார்ந்து முகத்தைக் கையால் தேய்த்தார். ஆடியில் நுனி வெட்டின கை. பிறகு சொன்னார். "ஆருக்குப் போயிருக்கு? மாதாவுக்குத்தானே. அவவும் பிள்ளையைப் பறிகுடுத்தவதானே."

"அவவுக்கு மூண்டாம் நாள் திரும்பக் கிடைச்சுது" என்றேன். "எனக்கு?"

இவர் என்னைப் பார்த்தார். கல்யாணம் கட்டி இத்தனை வருஷத்தில் இவர் விம்மி அழுததை அன்றைக்குத்தான் கண்டேன். ஆஸ்பத்திரியில் அழவில்லை, வைகாசியில் அழவில்லை. நான் அவ்வளவு காலமும் இவருக்கு ஒன்றும் இல்லையாக்கும் என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் போய் இருந்தேன். மாதா அந்த மாலையோடு எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னேரம் சுரூபத்தைக் கோயிலுக்குக் கொண்டுபோக அக்கா தனியாக வந்தார். முகம் வீங்கியிருந்தது. மாலையை மெதுவாகக் கழற்றி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார்.

"பிள்ளைக்குக் கொண்டுபோம், தங்கச்சி. மாதா ஒண்டும் நினைக்கமாட்டா."

பூவெல்லாம் சுருண்டு நிறம் போயிருந்தது. தண்டில்லாமல் கோத்த ஆஸ்டர் எவ்வளவு நேரம் தாங்கும்? ஆனால் அதற்காக நான் மறுக்கவில்லை. "குடுத்ததைத் திருப்பி வாங்கிற பழக்கம் எங்களுக்கில்லை அக்கா. அவவே வைச்சிருக்கட்டும்" என்றேன். எனக்கு அந்தத் திமிர்தான் மிச்சம் இருந்தது, அதையும் விட மனமில்லை. அக்கா மாலையைத் திரும்ப மாதாவின் கழுத்திலேயே போட்டுவிட்டு, வாசலில் இவரோடு ஏதோ கதைத்துவிட்டுப் போனார். என்ன கதைத்தார் என்று கேட்கவும் எனக்குத் தெம்பில்லை.

நவம்பர் இரண்டு காலையில் மழையும் ஸ்னோவும் கலந்து கொட்டியது. மேசைச் சாடியில் வைத்த பூவும் அதற்குள் வாடி முடிந்திருந்தது. "போவமோ?" என்றார் இவர். "வெறுங்கையோட நிண்டு பழகினனாங்கள் தானே" என்றேன். மேப்பிள் மரத்தடிக்குப் போனோம். வேறு பிள்ளைகளின் இடங்களில் ஒன்றிரண்டு பொம்மைகள், நனைந்த மெழுகுதிரிகள். எங்கள் இடத்தில் ஒன்றும் இல்லை. மெழுகுதிரியைக் கொளுத்தக் கொளுத்த ஈரக் காற்று அணைத்தது. போதும் என்று திரும்பும்போது வாசல் பக்கத்திலிருந்து ஒரு குடை வந்துகொண்டிருந்தது. அக்கா. நான் இவரைப் பார்த்தேன்.

"நான்தான் இடம் சொன்னனான்" என்றார்.

அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "பஸ் பிந்திப்போச்சு" என்றார். குடையை இவர் கையில் கொடுத்துவிட்டு, கோட்டுக்குள்ளிருந்து மதியச் சாப்பாடு கொண்டுபோகிற ஒரு பிளாஸ்டிக் பெட்டியை எடுத்தார். திறந்தார். ஈரக் கடதாசிக்கு நடுவில் ஒரே ஒரு செவ்வரத்தம் பூ. அந்தச் சாம்பல் நிற ஊரில் அவ்வளவு சிவப்பை நான் எதிர்பார்க்கவில்லை.

"யன்னலுக்குப் பக்கத்தில சாடியில வைச்சிருக்கிறன். நேற்று மொட்டாயிருந்தது. விடிய விரியுமோ விரியாதோ எண்டு எழும்பி எழும்பிப் பாத்தனான்" என்றார். "என்ர வீட்டுப் பூ, தங்கச்சி. உங்கட பூவுக்கு இது ஈடில்லை. ஆனால் கடைப்பூ இல்லை."

தலையை மட்டும் ஆட்டினேன். அக்கா அந்த ஈரத்தில் முழந்தாளில் இருந்து பூவை மண்ணில் வைத்தார். காற்றுக்குப் போகாமல் காம்பைக் கொஞ்சம் மண்ணுக்குள் அழுத்தினார். பிறகு கையைக் கூப்பி, மரித்தவர்களுக்குச் சொல்கிற செபத்தைத் தொடங்கினார். ஆத்துமத்தின் பேரைச் சொல்லவேண்டிய இடம் வந்தது. நிறுத்தி, நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பிள்ளையின்ர பேர் என்ன?"

கடதாசியில் எழுதினவர்களைத் தவிர அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் தண்ணீர் ஊற்றி இவர் சொன்னதற்குப் பிறகு, நாங்கள் இருவரும்கூட ஒருவருக்கொருவர் அந்தப் பேரைச் சொன்னதில்லை. நான் வாயைத் திறந்தேன். வாய் நீளமென்று பேர் வாங்கினவளுக்குச் சத்தம் வரவில்லை. இவர் என் முதுகில் கையை வைத்தார். சொன்னேன்.

அக்கா அந்தப் பேரைச் செபத்தில் வைத்து, ஒரு எழுத்தும் பிசகாமல், சத்தமாகச் சொன்னார். எங்கள் வீட்டாரல்லாத ஒருவரின் வாயால் என் பிள்ளையின் பேரை நான் முதன்முதல் கேட்டது அப்போதுதான்.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ, அக்கா" என்றேன்.